காற்று குறைவு என்று எழுத மறுத்தவர்

2012 ஜூலையில் நாங்கள் மின்சாரம் உண்டாக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினோம். நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிமிர்ந்து நிற்க முடியாத காற்று. எங்கள் பொறுப்பில் எட்டுக் காற்றாலைகள். அவற்றின் உரிமையாளர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர். பராமரிப்பு மட்டும் எங்கள் கம்பெனியுடையது; நான் அங்கே இன்ஜினியர். எட்டும் முழு வேகத்தில் சுற்றும்போது துணை மின்நிலையத்திலிருந்து போன் வரும். "லைன் தாங்காது, நாலு மிஷினை நிறுத்துங்க." காற்றாலைகளை நட்ட வேகத்தில் யாரும் கம்பி இழுக்கவில்லை. சேமித்து வைக்கவும் வழியில்லை. அதே நேரம் மாவட்டம் முழுக்க மின்வெட்டு.

போனைக் கேட்டு மிஷினை நிறுத்துகிறவர் ஆபரேட்டர் கபிரியேல். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். அவர் மனைவி குளோரி போனில் கத்துவது எனக்கே கேட்கும்.

"கரண்டு உண்டாக்குதவனக் கெட்டிட்டு நான் ஓலை விசிறியும் பிடிச்சிட்டு இருக்கேன். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அங்க என்னதான் செய்யுதீரு?"

"நிறுத்திட்டு இருக்கேன் பிள்ளே."

"எதை?"

"காத்தாடிய."

"நல்ல வேலை! அதுக்குச் சம்பளமும் தருதானுவளா?"

நிறுத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு வராது. பதிவேட்டில் 'லைன் தாங்கவில்லை' என்று எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும். 'மிஷின் கோளாறு' என்றால் எங்கள் கம்பெனி திருப்பூர்க்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். மேனேஜர் தேவகுமார் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார்: 'காற்று குறைவு.' காற்று யார் மேலும் வழக்குப் போடாதே.

ஆனால் கபிரியேல் அந்த மாதம் மிஷின்களை நிறுத்திய பத்தொன்பது நாளும் 'போன் வந்தது, நிறுத்தினேன்' என்றே எழுதியிருந்தார். மாதக் கடைசியில் தேவகுமார் புதுப் பதிவேடு ஒன்றை அவர் முன்னால் போட்டார்.

"கபிரியேலே, உம்மள நிரந்தரமாக்குத ஆர்டர் என் மேசையில கெடக்கு. ஒம்பது வருசம் காத்திருந்தீருல்லா? பத்தொம்பது வரிய மாத்தி எழுதி ஒப்புப் போட்டுட்டு ஆர்டர எடுத்துட்டுப் போரும்."

"மிஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதுதேன் சார். நான்தான் கெடுத்தேன்னும் எழுதுதேன். காத்து இல்லன்னு மட்டும் எழுத மாட்டேன்."

"காத்து என்னவே உமக்கு, மாமனா மச்சானா?"

அறையின் தகரக் கூரை காற்றில் தடதடத்துக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். மேனேஜர் சொன்னார் என்பதற்காகச் சிரித்தேன்.

வெளியே வந்ததும் காரணம் கேட்டேன். அவர்கள் கரையில் ஒரு வழக்கம். முகம் பார்த்துப் பேசாத பகையாளியாக இருந்தாலும், கரை திரும்புகிற வள்ளத்துக்காரன் கடலுக்குப் போகிறவனிடம் காற்று எப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"எனக்குப் பத்தொம்பது வயசு. சிலுவைக்கும் எனக்கும் வலை அறுந்த சண்டை. எதுக்க வந்தவன் காத்து எப்படில இருக்குன்னு கேட்டான். வெளிய மேகாத்து கொல்லுது. காத்தே இல்லன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் நனஞ்சிட்டு வரட்டும்னுதான் மக்கா நெனச்சேன். சிலுவை வந்தான். கூடப் போன அவன் தம்பி ஜஸ்டஸ் வரல்ல."

அதன்பின் எந்த வள்ளத்திலும் அவரை ஏற்றவில்லை. அதனால்தான் கடலை விட்டு இந்தக் கணவாய்க்கு வேலை தேடி வந்தார்.

"அது உயிர் அண்ணே. இது வெறும் தாள்" என்றேன். ரப்பர் பால் வெட்டி என் அப்பா என்னைப் பொறியியல் படிக்க வைத்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தானா?

"அப்போ நீ எழுது" என்றார். கோபமில்லை. சாவிக்கொத்தை என்னிடம் தந்துவிட்டு பஸ் ஏறிப் போனார். மறுநாள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது தக்கலையில் ஒரு செல்போன் கோபுரத்தின் டீசல் ஜெனரேட்டருக்குக் காவலாக இருக்கிறார்.

பதிவேடு என் மேசைக்கு வந்தது. யாரும் மிரட்டவில்லை. பத்தொன்பது வரிகளையும் நானே எழுதினேன். ஜன்னல் வழியே வந்த காற்று தாளைப் பறக்கவிட்டது. ஸ்பானரைப் பாரமாக வைத்துக்கொண்டு எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே 'பி.இ.' என்றும் போட்டேன்.

தேவகுமார் சார் டீயும் பழம்பொரியும் வாங்கித் தந்தார். தின்றேன். பசித்தது, இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன்.