நீலச்சட்டையின் வாயும் என் குரலும்: லண்டனில் ஒரு சனிக்கிழமை

கடந்த அக்டோபரில் லண்டன் போய் வந்தேன். பெரிய கடிகாரத்தையும் அரண்மனையையும் பார்க்கத் திட்டமிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் போகாமலே எழுதுகிறார்கள். நான் போனது ஓர் அமெரிக்க நடிகரை மேடையில் கேட்பதற்காக. பார்ப்பதற்காக அல்ல. பார்த்துச் சலித்த முகம் அது.

சென்னையில் ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதிக் குரல் கொடுப்பது என் தொழில். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தவன் ஏன் இதற்கு வந்தான் என்று என் மைத்துனர் இன்றும் விருந்துகளில் கேட்பார். இந்த நடிகருக்குப் பதினொரு வருடம் குரல் கொடுத்தேன். முதலில் அவர் ஒரு போலீஸ் தொடரில் ரோந்துக் காவலர். வாரம் ஒரு தடவை கூட்டத்தை விலக்கிவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஸ்டூடியோவில் அவருக்குப் பெயர் ‘நீலச்சட்டை’. இங்கும் அப்படியே இருக்கட்டும், பெயர் போட ஒப்பந்தம் தடுக்கிறது. அடுத்து ஆஸ்பத்திரித் தொடரில் டாக்டர் ஆனார். பிறகு ஒரு நகைச்சுவைத் தொடரில் மனைவியை இழந்த அப்பா. அவர் தாடி வளர்த்தபோது என் குரலும் தடித்தது. அவர் அழுத இடங்களில் எல்லாம் நானும் அழுதேன், சம்பளத்துக்கு.

பிறகு சினிமா அவரைக் கூப்பிட்டது. பெரிய படம், பெரிய விளம்பரம். தமிழில் அவருக்குக் குரல் கொடுக்க ஒரு சினிமாக் கதாநாயகனை அழைத்தார்கள். எங்கள் ஸ்டூடியோ மேலாளர் என்னிடம், “சார், நீங்க டிவி குரல்” என்றார். அதன்பின் நீலச்சட்டைக்கு வில்லன் வேடங்கள் வந்தன, அப்புறம் அவையும் குறைந்தன. இப்போது லண்டனில் ஒரு நாடகம் என்று செய்தி பார்த்தேன். சேமிப்பை எடுத்து டிக்கெட் போட்டேன். அவர் வாயில் இத்தனை வருடம் குடியிருந்தவன் நான் என்று ஒருமுறை அவரிடமே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஆங்கிலத்தில் ஒரு பத்தி மனப்பாடமும் செய்திருந்தேன். குறை சொல்லும் பத்திதான், மரியாதையான ஆங்கிலத்தில்.

தங்கியது பிளேஸ்டோவில், குகன் வீட்டு மாடி அறையில். ஓட்டல் விலையைப் பார்த்தால் உங்களுக்கும் இப்படி ஓர் அறை தேடத் தோன்றும். குகன் யாழ்ப்பாணத்துக்காரர், பாரிஸில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து மினிகேப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறார். விமான நிலையத்திலிருந்து அவரே அழைத்து வந்தார். நடிகரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

“அந்த டாக்குத்தரோ! பாரிஸிலை இருக்கேக்கை டிஷ்ஷிலை பார்ப்பம். ஆள் என்ன வடிவாத் தமிழ் கதைப்பார் அண்ணை!”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஆனா படத்திலை வந்த குரல்தான் கலாதி. டிவியிலை கதைச்சவர் கொஞ்சம் தடிமன் பிடிச்ச ஆள் மாதிரி.”

கலாதி என்றால் அவர்கள் ஊரில் பிரமாதம், தடிமன் என்றால் ஜலதோஷம். வீடு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். மழை கண்ணாடியில் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமும் நெரிசல்.

சனிக்கிழமை மதியக் காட்சி இரண்டரைக்கு. பிளேஸ்டோவிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மாறாமல் எம்பேங்க்மென்ட் வரை போகலாம், அரை மணிக்குக் கொஞ்சம் கூட. வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். தனியாக அட்டை வாங்கச் சொல்லும் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். இறங்கிய பிறகு நேரம் இருந்ததால் ஆற்றின் மேல் நடைபாலத்தில் கொஞ்சம் நின்றேன். மூடுபனி முழுதாக விலகவில்லை. எதிர்க்கரைக் கட்டடங்கள் பாதி வரைந்து விட்ட மாதிரி நின்றன. கீழே படகில் வழிகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். வாய் தெரிந்தது, சத்தம் வரவில்லை. நான் பாட்டுக்கு அவருக்கும் தமிழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜோடி சற்றுத் தள்ளி நின்றுகொண்டது.

என் டிக்கெட் மேல் பால்கனியில், முப்பத்தைந்து பவுண்டு. உயரமானவர்கள் அந்த வரிசையைத் தவிர்க்கவும், முழங்கால் வைக்க இடமில்லை. விளக்கு அணைந்து அவர் மேடைக்கு வந்தார். இத்தனை காலம் அந்தக் குரல் ஹெட்போன் வழியாக என் காதுக்குள்ளேயே நின்று பேசியது. இப்போது அது தூரத்திலிருந்து, ஒலிபெருக்கி இல்லாமல், மெல்லியதாக வந்து சேர்ந்தது. கனவில், தெரிந்த ஒருவர் வேறு யார் வீட்டிலோ இருப்பதைப் போல இருந்தது. தலையில் முடி குறைந்துவிட்டது. ஆனால் பேசுவதற்கு முன் இடது தோளை லேசாகத் தூக்கி மூச்சு எடுப்பார், அது அப்படியே இருந்தது. அவர் எடுத்த மூச்சை நானும் எடுத்தேன். எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். அடுத்தது நடிகரின் உதடு: அது மூடும் இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ விழ வேண்டும், அது நின்றால் நாமும் நின்றுவிட வேண்டும். ஆங்கிலம் சீக்கிரம் முடிந்துவிடும், தமிழுக்கு இடம் போதாது. மிஞ்சுவதை விழுங்கியே பழகினோம்.

அவருடைய முதல் வசனமே அப்படிப் போனதுதான். கூட்டத்தை விலக்கும் காவலருக்கு, “பார்க்க ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க ஐயா” என்று எழுதியிருந்தேன். அந்த ‘ஐயா’வில்தான் மனுஷன் இருந்தான். மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “உதடு நின்னுருச்சு சார், ஐயாவை வெட்டுங்க” என்றார். வெட்டினேன். வாராவாரம் வெட்டினேன்.

பக்கத்து இருக்கை வெள்ளைக்கார மூதாட்டி என் முழங்கையைத் தொட்டு, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று மெல்லக் கேட்டார். நான் வாயசைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு அவர் குரல் உடைய ஆரம்பித்தது. கடைசிக் காட்சியைக் காற்றும் கரகரப்புமாகவே முடித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குச் சற்றுத் திருப்தியாகவும் இருந்தது. அந்தத் தொண்டையும் தேயும்.

நாடகம் முடிந்தபின் நடிகர்கள் வெளியே வந்து கையெழுத்துப் போடும் வழக்கம் இங்கே உண்டு. கட்டடத்தின் பின் சந்தில் ‘மேடை வாசல்’ என்று ஒரு சின்னக் கதவு, முன்னால் இரும்புத் தடுப்பு. முப்பது பேர் இருந்தோம். ஷிப்ட் தொடங்குமுன் குகனும் ரயிலேறி வந்துவிட்டார்.

“ஒரு போட்டோ எடுக்கோணும் அண்ணை. இல்லாட்டி மனுசி நம்பமாட்டாள்.”

தியேட்டர் பெண் ஒருத்தி வந்து, அவர் இரண்டு நிமிடம் வருவார், தொண்டை சரியில்லை, மாலைக் காட்சிக்காகக் குரலைக் காப்பாற்றுகிறார், தயவுசெய்து பேசவைக்க வேண்டாம் என்று அறிவித்தாள். மனப்பாடம் செய்த பத்திக்கு அவரிடமிருந்து ஒரு வார்த்தை பதில் வரும் என்றுதானே கடல் தாண்டினேன்.

கழுத்தில் சால்வையோடு அவர் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் என்னைவிடச் சின்ன ஆள். வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே எங்கள் முன் வந்து நின்றார். குகன் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். அவர் அறிந்த நீலச்சட்டை தமிழ் பேசுகிறவர் அல்லவா.

“சுகமா இருக்கிறியளோ அண்ணை? தொண்டைக்கு என்ன செய்தது?” என்று அச்சு அசல் யாழ்ப்பாணத் தமிழில் விசாரித்தார்.

நடிகர் புருவத்தை உயர்த்தினார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இடது தோள் எழுந்தது. நான் மூச்சு எடுத்தேன். அதற்கப்புறம் நடந்ததை நான் செய்ததாகச் சொல்ல முடியாது.

“மன்னிக்கணும் தம்பி. பேச முடியல. மாலையும் ஆட்டம் இருக்கு.”

டாக்டரின் குரல், என் வாயிலிருந்து. அவர் உதடு மூடிய இடங்களில் எல்லாம் என் உதடும் சரியாக மூடியது. குகன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

“அட கடவுளே! நீங்களோ அது?”

நடிகரும் பேனாவை நிறுத்தியிருந்தார். தன் தொண்டையைத் தொட்டார், பிறகு விரலை நீட்டி என் தொண்டையைக் காட்டினார். கேள்வி புரிந்தது. மரியாதையான ஆங்கிலப் பத்தி முழுவதும் எங்கோ போயிருந்தது. “யெஸ்” என்று மட்டும் சொன்னேன். “தமிழ். லெவன் இயர்ஸ்.”

அவர் பேனாவைப் பையில் வைத்தார். தியேட்டர் பெண் அவர் தோளைத் தொட்டாள், நேரமாகிவிட்டது. அவர் ஓரடி பின்னால் போய், நிமிர்ந்து, உள்ளங்கையைக் கூட்டத்தை நோக்கி உயர்த்தினார். ரோந்துக் காவலர். சந்து முழுக்க அமைதியாகிவிட்டது. உதடு அசைந்தது. அந்தப் பழைய வசனம்.

“பார்க்க ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க…”

அவருடைய ஆங்கிலம் முடிந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. நான் நிறுத்தப் போனேன். என் வாயில் இன்னொரு சொல் மிஞ்சி நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும், அவர் உதட்டை மூடவில்லை. வாயைச் சற்றுத் திறந்தபடி, கையை இறக்காமல், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“…ஐயா.”

பிறகுதான் மூடினார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. யாருக்கு எது புரிந்ததோ தெரியாது. அவர் உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. போட்டோ எடுக்க குகன் மறந்தே போனார்.

திரும்பும் ரயிலில் குகன் தன் மனைவிக்குப் போன் போட்டு என்னைப் பேச வைத்தார். மறுமுனையில் ஒரே சிரிப்பு. வைத்துவிட்டு, “ஆனா உண்மையைச் சொல்லோணும் அண்ணை, படத்துக் குரல்தான் கலாதி” என்றார். மைத்துனர், மேலாளர், கதாநாயகன் என்று என் மனத்தாங்கல் வரிசையில் குகனையும் சேர்த்திருக்கிறேன். வீட்டில் அவர் மனைவி போட்ட ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டதால் கடைசி இடம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மதியக் காட்சிக்கே டிக்கெட் எடுங்கள், விலையும் குறைவு, திரும்பும்போது ரயிலில் உட்கார இடமும் கிடைக்கும். சனிக்கிழமைகளில் பாதைகளைப் பழுதுபார்க்க மூடுவார்கள், காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது, பாலத்தில் காற்று குடையைத் திருப்பிவிடும். கைதட்டல் ஓயும்வரை காத்திராமல் மேடை வாசலுக்கு நடந்துவிடுங்கள், தடுப்பை ஒட்டி இடம் பிடிக்க வேண்டும். எல்லா நடிகர்களும் வருவதில்லை, வரவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. வந்தால் இரண்டு நிமிடம் தருவார்கள். எனக்கு அதற்கு மேல் ஓர் ‘ஐயா’ கிடைத்தது.