ஓடைக்கு அக்கரையில் நான்கு வீடுகள்

கேரளத்தின் குளத்தூர் பஞ்சாயத்தில் எங்கள் வார்டின் எல்லை ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் தமிழ்நாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது முழுக்கச் சரியில்லை. ஓரிடத்தில் கேரளம் ஓடையைத் தாண்டி, மரச்சீனி விளைகளுக்கு, அதாவது மரவள்ளித் தோட்டங்களுக்கு, நடுவே கொஞ்ச தூரம் உள்ளே போகிறது. அங்கே நான்கு வீடுகள். மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் தண்ணீர். அந்த வீட்டுக்காரர்களுக்கு ஓட்டும் ரேஷனும் இங்கே. பஸ் ஏறுவது அங்கே.

இதை முதலில் சொல்லாவிட்டால் ராஜபாய் டீச்சர் செய்த தவறு புரியாது.

டீச்சர் எங்கள் பக்கத்து வீடு. முப்பத்தொரு வருடமாக அங்கன்வாடி நடத்துகிறவர். நானும் சின்ன வயதில் அங்கே இருந்தவன்தான். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது மட்டும் அவர் வேலை இல்லை. இருநூற்று அறுபத்தெட்டு வீடுகளிலும் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யார் வளைகுடாவுக்குப் போனார்கள் என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்; கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நேரில் போய் வளர்ச்சியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பார்க்காமலே சொல்வார்: "சர்ச்சுக்கு வடக்க பதினெட்டு வீடு பூட்டிக் கிடக்கு. ஒம்பது வீட்டுல வயசானவங்க மட்டும் உண்டு."

2021 மழையில் ஓடையின் மேல் கிடந்த தென்னந்தடிப் பாலம் போய்விட்டது. ரோடு வழியாக என்றால் தமிழ்நாட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். கொரோனாவுக்காக அந்த ரோட்டிலும் மண் கொட்டி அடைத்திருந்தார்கள். அதனால் டீச்சர் இக்கரையில் நின்று கூவிக் கூவிக் கணக்கெடுத்தார். அக்கரையிலிருந்து பதில் சொன்னவர் ஆனந்தபாய்; அவர் மகள் ஜோஸ்னா பிரசவத்துக்கு வந்து அங்கேதான் இருந்தாள்.

"இங்க ஆளு மூணு, ஆடு அஞ்சு. எழுதிக்கிடுங்க டீச்சரே! ஆட்டுக்கும் சத்துமாவு உண்டா?"

"உனக்கே இல்ல, பின்னயாக்கும் ஆட்டுக்கு! ஜோஸ்னாவும் பிள்ளையும் எங்க?"

"புருஷன் வீட்டுக்குப் போயாச்சு. மார்த்தாண்டம் பக்கம்."

டீச்சர் ஜோஸ்னாவின் பெயரையும், ஐந்து மாதக் குழந்தை அபிஷாவின் பெயரையும் சிவப்பு மையால் அடித்து, 'தமிழ்நாடு' என்று எழுதினார்.

மூன்றே வாரத்தில் ஜோஸ்னா சண்டை போட்டுக்கொண்டு குழந்தையோடு தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கணவன் ஊர் அங்கன்வாடியில் அவர்கள் பெயரை எழுதவே இல்லை. இங்கே, டீச்சர் ரிஜிஸ்டரில் மிச்சமிருந்த பெயர்களை மட்டும் கேட்பார்; ஒருமுறை அடித்த பெயரை மறுபடி கேட்டதில்லை. மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்த பிறகும் கூவிக் கேட்பதே பழக்கமாகிவிட்டது. டீச்சருக்கு முட்டுவலி வேறு.

போன வருடம்தான் சிமெண்ட் பாலம் போட்டார்கள். இந்த ஜூனில் ஜோஸ்னா நான்கு வயது அபிஷாவை அங்கன்வாடியில் கொண்டுவந்து விட்டாள். இரண்டாம் நாள், குழந்தைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தது. மற்றப் பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். அபிஷா திரும்பவில்லை. டீச்சர் இன்னொரு தட்டை எடுத்து அவரே போட்டுப் பார்த்தார்.

நெய்யாற்றின்கரையில் டாக்டர் சோதித்துவிட்டு, இரண்டு காதும் கேட்கவில்லை, ஒரு வயதில் கண்டுபிடித்திருந்தால் பேச்சு வருவது எளிதாக இருந்திருக்கும் என்றார். "ஊமை இல்ல, நேரம் எடுத்துப் பேசுவான்னு நினைச்சேன்" என்று ஜோஸ்னா அழுதாள்.

காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்கு அரசு உதவி கேட்க வேண்டுமானால், குழந்தை இங்கேயே வளர்ந்தது என்று அங்கன்வாடியிலிருந்து எழுதித் தர வேண்டும். அப்படி எழுதினால், மூன்றரை வருடம் ஏன் கணக்கில் இல்லை என்ற கேள்வி வரும். சூப்பர்வைசர் ஸ்வப்னா நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "மே மாசம் தமிழ்நாட்டுல இருந்து வந்த பிள்ளைன்னு எழுதுங்க டீச்சர். ரிட்டயராக எட்டு மாசமாக்கும் இருக்கு. எதுக்கு வம்பு?"

அப்படி எழுதினால் அபிஷாவுக்கு உதவி கிடைக்காது. டீச்சர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பாலத்தைக் கடந்து ஜோஸ்னாவின் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

ஜோஸ்னா உட்காரச் சொல்லவில்லை. "கரையில நின்னு கூவினா கணக்காகுமா டீச்சரே? ஆட்டைச் சொல்லிச் சிரிச்சீங்க. என் பிள்ளையக் கேட்டீங்களா?"

"கேக்கல்ல மக்கா. அதைத்தான் எழுதியிருக்கேன். வாசிச்சுப் பாரு."

மலையாளத்தில் ஒரு பக்கம். "குழந்தை 2021 முதல் இந்த வீட்டில்தான் இருந்தது, நான் நேரில் வந்து பார்க்கவில்லை, தவறு என்னுடையது." ஜோஸ்னா இரண்டு தடவை வாசித்தாள். பேனாவை வாங்கி, தாய் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"ஒப்பு போட்டாச்சு. மன்னிச்சாச்சுன்னு நினைக்காண்டாம். இனி இங்க வராதீங்க."

பத்து நாளில் டீச்சருக்குக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது. அமரவிளையிலிருந்து வேறொருவர் வந்து அங்கன்வாடியைத் திறக்கிறார்.

அபிஷாவின் மனு இன்னும் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. ஆபரேஷன் நடந்தாலும் எவ்வளவு பேசுவாள் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. டீச்சர் தினமும் மதிலருகே வந்து என்னிடம் கேட்கிறார்: "எலே, அந்தப் பிள்ளைக்குக் கடிதம் ஏதும் வந்துதா?" தெரியாது என்றுதான் சொல்ல முடிகிறது. பிறகு அவருக்குப் பதிலாக நான் பாலத்தைக் கடந்து போய் ஜோஸ்னாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.