தாடை வலித்த வெள்ளிக்கிழமை

'நெஞ்சுவலி, தாடைவலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை: இவற்றில் எது இருந்தாலும் வந்தவுடன் ஈசிஜி எடுக்கப்படும்.' எங்கள் ஜோகுபாளையம் வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில், அவசரப் பிரிவின் சுவரில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை வரைந்தே ஓய்வு பெற்றவள் நான். நல்ல வாசகம், எந்த ஓட்டையும் இல்லை. அதன் நேர் கீழே படுத்துக்கொண்டுதான் படித்தேன்.

அன்று வரலட்சுமி நோன்பு. கலசத்துக்குப் புடவை சுற்றும்போதே கீழ்த்தாடை வலித்தது. முதுகில் யாரோ முட்டியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. ரவிக்கை நனைந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை உண்டு, மாதவிடாய் நின்று வெகுகாலம், அம்மா போனதும் இதயத்தால்தான். இதையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன்.

டியூட்டி டாக்டர் என்ன பிரச்சினை என்று கேட்டது என்னைத்தான். பதில் சொன்னவர் என் கணவர்.

"கேஸ்தான் டாக்டர். இன்னிக்கு விரதம், காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

"தாடை வலிக்குது. சுவத்துல போட்டிருக்கீங்களே, ஈசிஜி எடுங்க," என்றேன்.

"ரிட்டயராகியும் ரூல் பேசறத விடமாட்டா," என்றார் கணவர்.

டாக்டர் சிரித்தார். 'டென்ஷன் மாட்கோபேடி அம்மா', டென்ஷன் ஆகாதீங்க என்று கன்னடத்தில் ஆறுதல் சொல்லி, அசிடிட்டிக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, கல்யாண விருந்துக்குப் பின் என் கணவருக்கு மார்பு எரிந்தபோது, இதே அறையில் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே ஈசிஜி எடுத்தார்கள். அவருக்கு இருந்தது கேஸ். நோன்பு யாருடைய ஆயுளுக்காக என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

மறுநாள் குளியலறையில் விழுந்தேன். வேறொரு மருத்துவமனையில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத் தசையில் ஒரு பகுதி இனி வேலை செய்யாது, நேற்றே வந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. நேற்றே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இப்போது மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துதான் ஏறுகிறேன். எழுத முடிந்ததும் முதல் மருத்துவமனைக்கு ஒரே கேள்வி கேட்டுப் புகார் அனுப்பினேன்: உங்கள் விதி எனக்கு ஏன் பொருந்தவில்லை? முறைப்படி நினைவூட்டல்களும் அனுப்பினேன். "நல்லாத்தானே இருக்க, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார் கணவர்.

பதில் ஒருவழியாக வந்தது, அவர் பெயருக்கு. 'மதிப்பிற்குரிய ஐயா, உடன் வந்த தாங்கள் அசிடிட்டி என்று தெரிவித்தபடியே தங்கள் மனைவிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது.' கீழே கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தன. நான் கலசம் வைக்காமல், காலையிலேயே இட்லி சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதம் வந்த அன்றுதான் இந்த ஆண்டின் வரலட்சுமி நோன்பு, வெள்ளிக்கிழமை.