இழுத்துக் கட்டிய ஏணை

எனக்கு ஒரு கெட்ட குணம். கயிறு தொய்ந்து கிடப்பதைக் கண்டால் கை சும்மா இராது. நாங்கள் குருநகர் ஆட்கள், ஆழம் குறைந்த கடலில் கம்பு ஊன்றி வலை கட்டுகிறவர்கள். வலை தொய்ந்தால் மீன் போய்விடும். பக்கத்துப் படகுக்காரன் அதை ஒரு கிழமைக்குச் சொல்லிச் சிரிப்பான்.

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். முதுகு நோவில் கட்டிலில் படுக்க முடியாமல் தவித்தாள். பழைய வலையை மடித்து, ஆள் படுக்கிற அளவில் தொட்டில்போல ஓர் ஏணை செய்து, விறாந்தைத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே கட்டினேன். என் வழக்கப்படி நல்ல விறைப்பாகத்தான்.

அவள் பண்டத்தரிப்பில் தோட்டம் செய்கிறவரின் மகள். ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கொஞ்சம் தொய்ய விடுங்கோவன். மாட்டையே நாங்கள் உப்பிடி இழுத்துக் கட்டுறேல்லை.”

கயிற்றைப் பற்றி எனக்கே பாடமா என்று சுள்ளென்று ஏறியது. அதை உன் மாட்டிடம் போய்ச் சொல் என்றேன். அவள் ஏறிப் படுத்தாள்.

முடிச்சு அவிழவில்லை. தூண்தான் பெயர்ந்து வந்தது. தொய்வாகக் கட்டினால் பாரம் கீழே இறங்கும், விறைப்பாகக் கட்டினால் இரண்டு தூண்களையும் உள்ளுக்கு இழுக்கும். சேற்றில் ஊன்றிய கம்பு வளைந்து கொடுக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கல் கொடுக்குமா? அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது கல். அவள் வயிற்றைப் பிடித்தபடி நிலத்தில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கருவியை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். நான் கூப்பிடாத மாதா இல்லை, மனைவியின் முருகனையும் விடவில்லை. கடைசியில் துடிப்புக் கேட்டது. நான் அப்படியே சுவரோடு குந்திவிட்டேன்.

மாமா ஓடி வந்தார். எங்கள் கலியாணத்துக்கு ஓம் சொல்ல ஒரு வருசம் எடுத்த மனிதர். நான் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் அப்பா, இறங்கேக்கை சறுக்கினனான்.”

அவர் என் தோளில் தட்டி, பயப்பட வேண்டாம் என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது. நான் உண்மையைச் சொல்லவில்லை. பயம், வேறொன்றுமில்லை. அடுத்த முறை அவர் வீட்டுக்கு வருவதற்குள் தூணைக் கட்டி வெள்ளையும் அடித்துவிட்டேன். வெட்கங்கெட்ட வேலை.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து பண்டத்தரிப்புக்குக் கொண்டுபோனோம். ஏணை கட்ட மாமா சேலையும் கயிறும் எடுத்து வைத்திருந்தார்.

“நீர்தான் கட்ட வேணும் தம்பி. உங்கடை ஆக்களின்ரை முடிச்சு அவிழாது.”

கூரை வளையில் கயிற்றைப் போட்டுக் கட்டினேன். கட்டி முடித்துப் பிள்ளைக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

“முதல் அந்த அரிசிப் பையை வைச்சுப் பாருங்கோ.”

கடல்காரனுக்கே சோதனையோ என்று மாமா மகளைக் கேலி செய்து சிரித்தார். நான் பையைத் தூக்கி ஏணைக்குள் வைத்தேன். அவள் பிள்ளையை நெஞ்சோடு பிடித்தபடி வளையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“மாமா, அண்டைக்கு அவ சறுக்கேல்லை,” என்றேன். “நான் இழுத்துக் கட்டித்தான் தூண் விழுந்தது.”

மாமாவின் சிரிப்பு நின்றது. அவள் அப்போதுதான் பிள்ளையை என் கையில் தந்தாள்.