இரண்டு வேளைத் தண்ணீர்

ஆவடிப் பக்கம் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும். குடமும் வாளியும் நிரம்பிய பிறகு, கடைசியாக ஒழுகுவதைப் பிடித்துச் செடிக்கு ஒரு குவளை வீதம் ஊற்றுவது எல்லா வீட்டிலும் வழக்கம். செடிக்குத் தேவையா என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்காகப் பூந்தமல்லி போய் வந்துகொண்டிருந்தோம். மற்ற நாட்களில் அவளுக்குக் கட்டிலும் ஜன்னலும்தான். ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கின் சுவர். "அங்க நாலு பூ இருந்தா பாத்துகினே படுத்துக்குவேன்" என்றாள். மாசி மாதம் அந்த இடத்தில் ஒரு பாத்தி வெட்டி, துலுக்கச் சாமந்தியும் ஜினியாவும் விதைத்தேன். ஒரு கோடைக்குப் பூத்துவிட்டுப் போகிற செடிகள். அது போதும் என்று நினைத்தேன்.

முழ உயரம் வந்தபோது பங்குனி வெயில் ஏறிவிட்டது. மதியமானால் இலைகள் துவண்டு தொங்கும். எனக்குப் பொறுக்காது. வீட்டில் இருக்கும் நாட்களில் வாளியில் பிடித்து வைத்ததிலிருந்து அப்போதும் ஒரு குவளை ஊற்றுவேன்.

அவள் நெமிலிச்சேரியில் பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவள். ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா மாமா, செடிக்கு டீ குடுக்கிறியா? ஒரு நாளு பாத்தி நெறைய ஊத்து, மூணு நாளு திரும்பிப் பாக்காத. தண்ணியத் தேடி வேரு கீழ போவட்டும். சாயந்தரமானா எல அதுவா நிமிந்துக்கும்."

தலையாட்டினேன். ஆனால் துவண்டதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அவள் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தார். நாக்கு வறண்டு ஒரு மடக்கு கேட்பாள், கொடுப்பேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மடக்கு. ஒரு மடக்கில் என்ன ஆகிவிடும் என்று இருந்தேன்.

சித்திரையில் சாமந்தி மொட்டு வைத்தது. அந்த வாரமே அவளுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டியது. ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று நர்ஸ் கேட்டார். மருத்துவர் சொன்ன அளவையே ஒப்பித்தேன். அவள் ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு மேலாக என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

ஐந்து நாள் அங்கேயே இருந்தோம். செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போன் செய்ய எடுப்பேன், வைத்துவிடுவேன். பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது செடியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பார்களோ என்று கூச்சம்.

திரும்பி வந்தபோது பாத்தி முழுக்கப் பழுப்பாக நின்றது. மொட்டுகள் விரியாமலே கருகியிருந்தன. ஒரு செடியை இழுத்தேன், பிடிமானமே இல்லாமல் கையோடு வந்தது. வேர் ஒரு விரல் ஆழம்கூட இறங்கவில்லை. தினமும் மேலேயே கிடைத்துக்கொண்டிருந்ததால் மேலேயே படர்ந்திருந்தது. அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கீழே மண் குளிர்ச்சியாக இருந்தது, கையில் ஒட்டியது.

அவளைப் படுக்கவைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனேன். வேண்டாம் என்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீ இன்னா பண்ணுவ மாமா. உனுக்கு இல்லன்னு சொல்ல வராது."

மறுநாள் மதியம் ஒரு மடக்கு கேட்டாள். இன்றைக்கு உள்ளது முடிந்துவிட்டது என்றேன். மறுபடி கேட்டாள். உதடு வெடித்திருந்தது. நான் கொடுக்கவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயந்தரம் வரை என்னோடு பேசவில்லை. நானும் கட்டில் பக்கத்திலிருந்து நகரவில்லை.