பிஷப் தூங்கும் அறை

காலை ஏழே முக்காலுக்கு, முதல் கார் வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால், கன்செப்டா கில்ஹூலி சமையலறைத் தரையில் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருப்பாள். வயது அறுபத்திரண்டு. இரண்டு முழங்காலும் ஆளுக்கொரு சொடுக்குப் போடும். மேசைக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், அடுப்பு மூலையில் என்று மூக்கைத் தரையோடு வைத்து ஒரு சுற்று. நேற்று விழுந்த பொத்தான், காய்ந்த ரொட்டித் துணுக்கு, எவளோ ஒருத்தியின் தோடு எல்லாம் அந்தச் சுற்றில் அகப்படும். "பிள்ளைங்க கண்ணு போற எடத்துக்கு நம்ம கண்ணு முன்னாடியே போயிருக்கணும்" என்பாள். புருஷன் மாலக்கி கையில் தேநீரோடு அவளைத் தாண்டிப் போவார். "எந்திரிக்கும்போது சொல்லு, கிரேன் வரச்சொல்றேன்" என்பார்.

முப்பத்தொரு வருஷமாக ஊரார் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். இப்போது நாலு பேர். கொண்டுவந்து விடுகிற அம்மாக்களில் இரண்டு பேருக்கு அவளே மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறாள். அதனால் அவர்களிடம் அவளுக்கு மரியாதை குறைவு. வாசலிலேயே பிள்ளையை வாங்கி ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பாள். நெற்றியை முகர்ந்து பார்ப்பாள். "ராத்திரி இவ சாப்பிடல. நீயும் அப்படித்தான், பட்டாணின்னா அலறுவ" என்று சொல்லி அனுப்புவாள். அந்த அம்மா வங்கியில் மேனேஜராக இருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறுவாள்.

அயர்லாந்தில் வசதி இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு ஒரு நல்ல அறை இருக்கும். பேரே அதுதான். பாதிரியார் வந்தால் திறப்பார்கள், கிறிஸ்துமஸுக்குத் திறப்பார்கள், வீட்டில் யாராவது செத்துப் பெட்டியில் கிடந்தால் திறப்பார்கள். லீட்ரிமில் ஏரிக்கரைச் சாலையின் கடைசி வீடான கன்செப்டாவின் வீட்டில் அது முன்பக்கம், தெருவைப் பார்த்து இருக்கிறது. உள்ளே வெல்வெட் சோபா, கண்ணாடி அலமாரி, அதற்குள் கல்யாணத்துக்கு வந்து இன்றுவரை தேநீரைப் பார்க்காத கோப்பைகள். ஒளித்து வைக்கும்படி ஒன்றும் கிடையாது. வீட்டின் மற்ற இடமெல்லாம் ஊர்ப்பிள்ளைகளின் ஜாம் கைத்தடம்தான். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தே முப்பத்தொரு வருஷம் ஆகிறது அவளுக்கு. அந்த ஓர் அறையில் மட்டும் யாருடைய விரலும் படவில்லை. அவளும் அங்கே போய் உட்கார மாட்டாள். சனிக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள், தூசி தட்டுவாள், வந்துவிடுவாள். அப்படி ஓர் அறை இருக்கிறது என்பதே அவளுக்குப் போதும்.

இந்த நிலையில் புதுச் சட்டம் வந்தது. வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார், கையெழுத்து விழாவிட்டால் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும். படிவத்தில் பிள்ளைகள் புழங்கும் அறைகளை எழுதச் சொல்லியிருந்தார்கள். சமையலறை, பின்னறை, கழிப்பறை, கொல்லை என்று எழுதினாள். 'மற்ற அறைகள்' என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'எங்களுடையது' என்று எழுதினாள். பிள்ளைகள் போகாத அறையைக் காட்டச் சொல்லி அதிகாரி கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். அந்த வரி இருக்கும் பக்கத்தை மட்டும் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தாள்.

அதிகாரி வரும் நாளன்று வீட்டில் அவளுக்குப் பயம் தந்தது மாலக்கியின் வாய். ஆடு ஒன்று தொட்டில்வரைக்கும் வந்த கதையை யாரைக் கண்டாலும் சொல்லுவார். அதனால் காலையிலேயே செய்தித்தாளைக் கையில் கொடுத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, அவரை நல்ல அறைக்குள் தள்ளினாள். "இருமாத. சாய்ஞ்சு உக்காராத. கோப்பையத் தொட்ட, கைய ஒடிப்பேன்." முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தச் சோபா அவருக்குக் கிடைத்தது அது மூன்றாவது தடவை.

அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண். நனைந்த கோட்டு, மார்போடு அணைத்த கோப்பு. டெர்வ்லா பேர்ன் என்று பேர் சொல்லி வாய் மூடுவதற்குள் கன்செப்டா ஆரம்பித்துவிட்டாள்.

"பேர்ன் குடும்பம்னா எந்த பேர்ன்? பால் பண்ணைக்காரங்களா, பஸ் ஓட்டினவங்களா?"

"பஸ் ஓட்டினது எங்க தாத்தா."

"அட, அவரா! அந்த மனுஷன் என்னைக் கொட்டுற மழையில நிறுத்தத்துல விட்டுட்டுப் போனாரு. நான் அப்ப ஆறு மாசம் முழுகாம இருந்தேன்."

"மன்னிச்சுக்குங்க" என்றாள் டெர்வ்லா பேர்ன். வந்த இரண்டு நிமிஷத்தில் அதிகாரி மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

ஆனால் கன்செப்டாவுக்குள் ஒரு சங்கடம் அரித்துக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய விருந்தாளியைக் கஞ்சி வழிந்த சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தது அவள் பரம்பரையிலேயே நடக்காத காரியம். வேறு நாளாக இருந்தால் நேரே நல்ல அறைதான், கோப்பைகளில் ஒன்றாவது வெளியே வந்திருக்கும். இன்று அங்கே உட்கார வைத்தால் அதிகாரி அந்த அறையையும் பார்த்த கணக்காகிவிடும். பிராயச்சித்தமாகக் கேக்கைச் செங்கல் கனத்துக்கு வெட்டி வைத்தாள். டெர்வ்லா இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, முறைப்படி மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டாள்.

"வெயில் காலத்துல பிள்ளைங்களுக்குத் தோல் பாதுகாப்பு, அதுக்கு உங்க கொள்கை என்னன்னு எழுதணும்."

"வெயிலா? லீட்ரிம்லயா? அது வந்தா தேவாலயத்துல மணியடிச்சு ஊரைக் கூட்டுவோம்மா. கொள்கை எதுக்கு?"

டெர்வ்லா அதை எழுதிக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் நன்றாகத்தான் போனது. புகை மணியை அழுத்திப் பார்த்தாள், கத்தியது. மருந்துப் பெட்டி பூட்டியிருந்தது. கொல்லைக் கேட்டை ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. கழிப்பறையைப் பார்க்க நடையில் போகும்போதுதான் நல்ல அறையின் கதவுக்கு முன் நின்றாள்.

"அது படிவத்துல இல்ல" என்றாள் கன்செப்டா.

"இல்லதான். நானும் காட்டச் சொல்லல. ஆனா பிள்ளைங்க இதத் தாண்டித்தான கழிப்பறைக்குப் போறாங்க? பூட்டுகூட இல்லியே. திறந்துட்டாங்கன்னா?"

"திறக்க மாட்டாங்க."

"எது தடுக்கும்?"

பின்னாலேயே வந்த பிள்ளைகளில் மூன்று வயது எத்னா கட்டைவிரலை வாயிலிருந்து எடுத்தாள். "சத்தம் போடாதீங்க. உள்ள பிஷப் தூங்குறாரு."

டெர்வ்லா கன்செப்டாவைப் பார்த்தாள். கன்செப்டா கூரையைப் பார்த்தாள்.

"மிசஸ் கில்ஹூலி, பிஷப்பை நான் கோப்புல எழுத முடியாது. பூட்டுப் போடுங்க, இல்ல திறந்து காட்டுங்க. ரெண்டுல ஒண்ணு."

"நல்ல அறைக்குப் பூட்டா? உள்ள எதையோ வச்சுப் பூட்டியிருக்கான்னு நாளைக்கே தெரு பூரா பேசும். பூட்டும் மாட்டேன், காட்டவும் மாட்டேன்."

"அப்ப நான் கையெழுத்துப் போட முடியாது. திங்கக்கிழமையிலேருந்து பிள்ளைங்க வர முடியாது." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சாலையில் நாலு பிள்ளைகளையும் கொண்டுபோய் விடுவதற்கு வேறு வீடு கிடையாது. எத்னா கன்செப்டாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கன்செப்டா சமையலறைக்குப் போனாள். மேல்தட்டிலிருந்து திருப்புளியோடு வந்தாள். கதவுக் கைப்பிடியின் நாலு திருகாணியையும் கழற்றினாள். கைப்பிடியை அதன் கம்பியோடு உருவி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இப்ப இது கதவு இல்ல. சுவர்."

டெர்வ்லா குனிந்தாள். துளையில் விரலை விட்டுப் பார்த்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. கோப்பின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். "சுவருக்கு இதுல விதி ஒண்ணும் இல்ல" என்று பேனாவைத் திறந்தாள்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

"பிஷப் எந்திரிச்சுட்டாரு" என்றாள் எத்னா.

"கன்செப்டா! இந்தப் பக்கக் கைப்பிடி கழண்டு விழுந்துடுச்சு! எனக்கு ஒண்ணுக்கு முட்டுது!"

"அது யாரு?" என்றாள் டெர்வ்லா.

"ரேடியோ."

"ரேடியோவுக்கு உங்க பேரு தெரியுதே."

"உள்ளூர் ரேடியோ."

டெர்வ்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரரா? போலீஸ் சான்று வாங்கியிருக்கா அவருக்கு?"

"கோப்புல மூணாம் பக்கம். அவருக்கு வாங்கியாச்சு. அவரு வாய்க்குத்தான் தர மாட்டேன்னுட்டாங்க."

"ஆளை வச்சு அடைக்கக் கூடாது. வெளிய விட்டுத்தான் ஆகணும்."

கன்செப்டாவின் கை ஏப்ரன் பையை இறுக்கிப் பிடித்தது. பிறகு துளையில் வாயை வைத்தாள். "ஜன்னல் வழியா போய்யா!"

"எழுபது வயசுலயா?"

"எண்பதுல இன்னும் கஷ்டம்! போ!"

நாற்காலி நகர்ந்தது. செடி ஒடிந்தது. ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டது. சற்று நேரத்தில் மாலக்கி கொல்லைக் கதவு வழியாக வந்தார். காலில் நனைந்த காலுறை, காதோரம் ஒரு ஊதாப்பூ. "வணக்கம்மா. ஆடு வந்த கதைய இவ சொன்னாளா?" என்று கேட்டுக்கொண்டே கழிப்பறைக்குள் ஓடினார்.

டெர்வ்லா கழிப்பறைக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கோப்பினை முழங்கையில் தாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "பதிவு உண்டு. காகிதம் தபால்ல வரும். கேக்குக்கு நன்றி."

எத்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கன்செப்டா வாசல்வரை வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாலக்கி போன வழியில் நல்ல அறையின் ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. லேஸ் திரை வெளியே வந்து காற்றில் ஆடியது. மழை நேராக உள்ளே அடித்தது. டெர்வ்லாவின் கார் அதற்கு நேர் எதிரில் நின்றது. கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னலைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். பார்க்காதே என்று கத்துவதா, ஓடிப்போய் மறைப்பதா என்று கன்செப்டாவுக்குத் தெரியவில்லை.

டெர்வ்லா ஜன்னலருகே வந்து நின்றாள். கோப்பினைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவி, ஈரத் திரையைப் பிடித்து உள்ளே தள்ளி, ஜன்னலைச் சாத்தினாள்.