அபூதாஹிர் நானாவும் வயரில்லாத பிரிண்டரும்

றஊப் ஹாஜியாரின் லொறிச் சேவை, திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. கப்பலில் வந்திறங்கும் உரத்தையும் சீமெந்தையும் கந்தளாய்க்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோக லொறி ஒழுங்குசெய்து கொடுப்பதுதான் தொழில். அந்த ஒழுங்கைச் செய்பவர் அபூதாஹிர். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். எந்தச் சாரதி விடிய எழும்புவான், எவனுக்கு இரண்டுதரம் டெலிபோன் கோல் எடுக்கவேண்டும், எந்த லொறி மழைக்கு ஒழுகும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அதற்காக அவரை யாரும் புகழ்ந்தது கிடையாது. அவருடைய புகழ் வேறொரு திசையிலிருந்து வந்தது.

சில வருடங்களுக்கு முன் அலுவலகத்துப் பழைய பிரிண்டர் கடதாசியை விழுங்கிவிட்டு ஒருமாதிரி முனகிக்கொண்டு நின்றது. தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் போன அபூதாஹிர், உள்ளே என்னவென்று பார்க்கும் விடுப்பில் அதன் பின்மூடியைத் திறந்தார். செத்த கரப்பான் ஒன்று கீழே விழுந்தது. பிரிண்டர் உடனே வேலை செய்யத் தொடங்கியது. "மெஷின் விளங்கின மனுசன்" என்று ஹாஜியார் அன்று சொன்ன சொல் அப்படியே நிலைத்துவிட்டது. அதன்பிறகு மின்விசிறி சுற்றாவிட்டாலும், ஹாஜியாரின் கைத்தொலைபேசியில் சத்தம் வராவிட்டாலும் எல்லோரும் அவருடைய மேசையைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரும் மறுக்கவில்லை. மறுக்கிறதற்கு ஒரு நல்ல நேரம் அமையவில்லை என்று சொல்லலாம். வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். அதைக் கண்டதும் மற்றவர்கள் பேச்சைக் குறைப்பார்கள். பிறகு சுவிட்சை நிறுத்துவார். வயர்களையெல்லாம் பிடுங்கி, நுனியை ஊதி, திரும்பச் செருகுவார். "கொஞ்ச நேரம் சும்மா உடணும்" என்பார். அநேகமாகச் சரிவந்துவிடும். வராவிட்டால், "உள்ளுக்க சாமான் தேஞ்சிட்டு" என்று சொல்லிக் கடிகாரத்தைக் கட்டிக்கொள்வார். கடைக்காரனைக் கூப்பிடுவார்கள். இந்தத் தோல்விகளை யாரும் அவர் கணக்கில் எழுதவில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சாரதி பயிற்சிப் பாடசாலை. அங்கே பழகவரும் பெடியன்கள் எல் போர்ட் மாட்டிய மோட்டார் சைக்கிள்களை நேரே படிவாசலில் விடுவார்கள். மேலே ஏறுகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு ஏறவேண்டும். ஒருநாள் இதைக் கேட்டே தீருவதென்று ஹாஜியார் கீழே இறங்கிப் போனார். போனவர் அங்கே ஒரு புதிய பிரிண்டரைக் கண்டார். கணினி ஒரு மூலையில், பிரிண்டர் இன்னொரு மூலையில், நடுவில் ஒரு வயரும் இல்லை. ஆனால் கடதாசி வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் கதையை அடியோடு மறந்து மேலே வந்தவர், "நமக்கும் அதே மாதிரி ஒண்டு எடுக்கணும்" என்றார்.

அதே கடையிலிருந்து அதே பிரிண்டர் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான். "பொருத்தித் தருவாங்கதானே?" என்று கேட்டாள், தட்டச்சு வேலை பார்க்கும் பஹ்மியா.

"எதுக்கு? நம்மட நானா இரிக்கார்தானே" என்றார் ஹாஜியார்.

அபூதாஹிர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பிரிண்டரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். பின்னால் மின்சார வயர் ஒன்றுதான் இருந்தது. அவருக்கு உள்ளூர ஒரு கலக்கம். அவருடைய கல்வி முழுவதும் பிடுங்கிச் செருகுவதில் இருந்தது. பிடுங்குவதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு மெஷினை அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறார்.

அன்று காலைக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. உரக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்திருந்தது. லொறி இலக்கங்களும் சாரதிகளின் பெயர்களும் அச்சடித்த பட்டியல் ஒன்றைச் சீல் குத்திக் கொடுத்தால்தான் வாசலில் லொறிகளை உள்ளே விடுவார்கள். பழைய பிரிண்டரையோ முதல்நாளே கடைக்காரனுக்குக் கொடுத்தாகிவிட்டது.

பஹ்மியாவின் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிரிண்டர் சேர்க்கும் இடத்தை அவள் காட்டிக்கொடுத்தாள். அழுத்தியதும் ஒரு சிறு வட்டம் சுற்றிச் சுற்றித் தேடியது. பிறகு ஒரு பெயர் வந்து நின்றது. அபூதாஹிர் எழுந்துபோய்ப் புதிய பிரிண்டரின் நெற்றியில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு வந்தார். அட்சரம் பிசகாமல் அதே பெயர்.

"கண்டிட்டு" என்றார். குரலில் அடக்கமான ஒரு வெற்றி.

கண்டது உண்மைதான். ஆனால் கணினி கண்டது அவருடைய பிரிண்டரை அல்ல. லண்டனில் இருக்கும் கட்டடச் சொந்தக்காரர் மேலுக்கும் கீழுக்கும் ஒரே வைஃபை தான் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த வைஃபையில் அப்போது இருந்த ஒரே பிரிண்டர் கீழே பயிற்சிப் பாடசாலையில் இருந்தது. மேலே நின்ற புதிய பிரிண்டருக்குக் கடவுச்சொல்லை யாரும் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்பதும் யாருக்கும் தெரியாது.

சோதனைப் பக்கம் ஒன்றை அனுப்பினார். அச்சாகிவிட்டது என்று திரை சொன்னது. பிரிண்டர் அசையவில்லை. நிறுத்திவிட்டுப் போட்டார். கடதாசித் தட்டை இழுத்துத் தட்டி அடுக்கினார். பிஸ்மி சொல்லி மறுபடியும் அனுப்பினார். அச்சாகிவிட்டது என்று திரை திரும்பவும் சொன்னது.

"பொய் சொல்லுது" என்றார் அபூதாஹிர்.

"அந்த டெஸ்ட் பேஜ் பிழையோ தெரியா. நீங்களா என்னவும் டைப் பண்ணி அனுப்பிப் பாருங்க நானா" என்றாள் பஹ்மியா.

தானாக எதையாவது எழுதச் சொன்னால் மனதில் கிடப்பதுதான் விரலுக்கு வரும். காலையில் படியேறும்போது ஒரு மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடி அவருடைய சட்டைப் பையைக் கிழித்திருந்தது. பெரிய எழுத்தில் அடித்தார்: "படிவாசலில் மோட்டார் சைக்கிள் விடவேண்டாம்." அனுப்பினார். வரவில்லை. இன்னும் ஒருதரம் அனுப்பினார். பிறகு, கோபம் பிரிண்டர் மேலா மோட்டார் சைக்கிள் மேலா என்று பிரித்தறிய முடியாத ஒரு நிலையில், இன்னும் பெரிய எழுத்தில் அடித்தார்: "சொன்னால் கேட்கவேண்டும். இதுவே கடைசி அறிவித்தல்."

கீழே பயிற்சிப் பாடசாலையில் இன்பமலர் தனியாக இருந்தாள். வீதி ஒழுங்குப் பாடம் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, பெடியன்களை அதட்டுவது எல்லாம் அவள் வேலை. யாரும் தொடாமலே பிரிண்டர் கடதாசி தள்ளுவதை அவள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தவை ஆங்கிலத்தில் இருந்ததால் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு அது தமிழில் கதைக்கத் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் விடவேண்டாம் என்றது. அவள் கடதாசியை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டாள். சற்று நேரத்தில் சொன்னால் கேட்கவேண்டும் என்றது.

இன்பமலர் நிமிர்ந்து கூரை மூலைகளைப் பார்த்தாள். கட்டடச் சொந்தக்காரர் எங்கேயோ கமரா பூட்டி, லண்டனில் இருந்தபடி பார்க்கிறாராக்கும் என்று நினைத்தாள். வாசலுக்குப் போய்ப் பெடியன்களைக் கூப்பிட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்து அங்கால மரத்தடியில விடுங்கோ. இப்பவே."

மேல்மாடி யன்னலால் அபூதாஹிர் இதைக் கண்டார். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நகர்ந்து போயின. "அல்லாஹ்ட கிருபை, இண்டைக்குத் தானாப் புத்தி வந்திரிக்கு" என்று பஹ்மியாவிடம் சொன்னார். இரண்டையும் சேர்த்து நினைக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஹாஜியார் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனார். அவர் போனதும் துறைமுக வாசலில் நின்ற சாரதி றிஸ்கான் தொலைபேசி எடுத்தான்.

"நானா, லிஸ்ட் இல்லாம உள்ளுக்கு உட ஏலாதாம். பின்னால வேற கொம்பனி லொறியெல்லாம் வந்திட்டு."

"அனுப்புறன் மகன், இந்தா அனுப்புறன்" என்றார். அனுப்பவும் செய்தார். மூன்றுதரம். பிரிண்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அபூதாஹிர் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். கட்டியவர் மறுபடி கழற்றினார். சாமான் தேய்ந்துவிட்டதென்று சொல்லவும் ஏலாது. பெட்டி உடைத்து இன்னும் ஒரு நாள் ஆகவில்லை.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் ஒரு கட்டுக் கடதாசியோடு இன்பமலர் வந்து நின்றாள்.

"இது உங்கட லொறி லிஸ்ட்தானே? கீழ உங்கட பேர் கிடக்கு, பொறுப்பாளர் எண்டு."

அபூதாஹிர் வாங்கிப் பார்த்தார். அவருடைய பட்டியல்தான். மூன்று பிரதி.

"இது எப்பிடி உங்களிட்ட?"

"காலமையில இருந்து எங்கட மெஷின் தன்ர பாட்டில அடிக்குது நானா. நான் லண்டன்காரர் எண்டு நினைச்சுப் பயந்துபோனன்." அவள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள். "இதுவும் உங்கட கைவேலை எண்டு இப்பதான் விளங்கினது."

சொன்னால் கேட்கவேண்டும் என்று தாள் சொன்னது. அபூதாஹிரின் காது சிவந்தது.

"அது சும்மா டெஸ்டுக்கு அடிச்ச தங்கச்சி."

"டெஸ்டுக்கு எண்டாலும் எழுத்து நல்லாப் பெரிசு."

பஹ்மியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அலுமாரிப் பக்கம் திரும்பினாள். அபூதாஹிர் பட்டியலில் சீல் குத்தி, கட்டடத்தின் கீழே நின்ற ஒரு முச்சக்கரவண்டிக்காரனிடம் துறைமுக வாசலுக்குக் கொடுத்தனுப்பினார். லொறிகள் உள்ளே போய்விட்டன என்று றிஸ்கான் சொன்னபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு அவர் ஒரு காரியம் செய்தார். அந்த அலுவலகத்தில் அதுவரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"எனக்கு இது தெரியாது தங்கச்சி. உங்களுக்குத் தெரியுமெண்டாக் காட்டித் தாங்க."

இன்பமலர் புதிய பிரிண்டரின் முகப்பில் இருந்த சின்னத் திரையைத் தட்டினாள். "ஆள் இன்னும் வைஃபைக்குள்ள வரவே இல்ல. வெளியிலதான் நிக்குது." பஹ்மியா கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் அழுத்தினாள். பிறகு கணினியில் இருந்த கீழ்மாடிப் பிரிண்டரை நீக்கிவிட்டு, புதிதாகத் தேடிச் சேர்த்தாள். ஒரு பக்கம் அனுப்பினாள். பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் தாளை நீட்டியது.

"எங்க படிச்ச நீங்க?" என்று கேட்டார் அபூதாஹிர்.

"யூடியூப்பில ஒரு ஹிந்திக்காரன். அவன் சொன்னது ஒண்டும் விளங்கேல்ல. விரலைத்தான் பார்த்தனான்."

படிவாசல் விஷயத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவள் கையசைத்துத் தடுத்தாள். மரத்தடியில் விட்டால் சீட் சுடுகுதில்லை என்று பெடியன்களுக்கே சந்தோசமாம். இனி அங்கேதான் விடுவார்களாம்.

இனிப் பிழைத்தால் கூப்பிடச் சொல்லித் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அவள் படியிறங்கிப் போன கையோடு ஹாஜியார் வந்தார். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்றையும் காணவில்லை. லொறிகளும் உள்ளே போய்விட்டன. அவர் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தபடி பஹ்மியாவைப் பார்த்தார்.

"நான் சொன்ன தானே, நானா இரிக்கார் எண்டு."

"நான் இல்ல ஹாஜியார்" என்றார் அபூதாஹிர். "கீழ இரிக்கிற இன்பமலர் தங்கச்சிதான் செஞ்சி தந்த. நான் காலையில இரிந்து கீழ மெஷினுக்குத்தான் அடிச்சிக்கிட்டிருந்த. எனக்கு இது விளங்காது."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா மகள்? வேற ஒராள் எண்டா இதுக்கு எவ்வளவு பெருமை அடிச்சிருப்பான். செஞ்ச வேலையையும் ஒரு பொம்புளப் புள்ளைக்கு உட்டுக் குடுக்கிறார். பெரிய மனசு."

"இல்ல ஹாஜியார், உண்மையா நானா செய்யல்ல" என்று பஹ்மியாவும் சொன்னாள்.

"சரி, சரி" என்று சிரித்துக்கொண்டே ஹாஜியார் உள்ளே போனார். மெஷின் விளங்கின மனுசனுக்கு அன்றிலிருந்து அடக்கமான மனுசன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

கிண்ணியாவில் வீட்டுக்கு வந்து, குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மனைவி றஹ்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிழிந்த சட்டைப் பையைத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"உள்ளதச் சொன்ன, ஒரு ஆளும் நம்பல்ல" என்று முடித்தார்.

"நான் நம்புறன்" என்றாள் றஹ்மா, நூலைப் பல்லால் அறுத்து. "நம்மட தண்ணி மோட்டர நீங்க திருத்தினதுக்குப் பொறகு ரெண்டு மாசம் கிணத்துல அள்ளின நாமதானே."

அவர் சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு தன்னை நினைத்தே வந்த சிரிப்பு. அது அடங்குமுன் தொலைபேசி அடித்தது. ஹாஜியாரின் மச்சான், ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஸெய்னுதீன். தன் கடைக்கும் அப்படியொரு பிரிண்டர் வந்திருப்பதாகவும், நாளைக்கு வந்து பூட்டித் தரவேண்டும் என்றும், ஹாஜியார் மிகவும் உயர்வாகச் சொன்னார் என்றும் சொன்னார்.

அபூதாஹிர் றஹ்மாவைப் பார்த்தார். அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றார் அபூதாஹிர். "ஆனாத் தெரிஞ்ச ஒராள எனக்குத் தெரியும். நம்பரத் தாறன், எழுதுங்க. பேர் இன்பமலர்."